மூடிய கதவும் திறந்த கதவும்

2006-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்து, உலகத்தின் பல பாகங்களிலும் ஜனங்கள் கண்ணீரோடு பார்த்த 'தி பர்சூட் ஆஃப் ஹாப்பினஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை, வறுமையோடு போராடி வென்ற ஒரு தகப்பனின் சரித்திரம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள்; கொண்டாடத்தக்க படந்தான். ஆனால், அதைப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறவர்களில் பலர், முயன்றால் எவனும் முன்னேறலாம், முன்னேறாதவன் முயலாதவன் என்ற ஒரு தீர்ப்பையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பதும், அதை அநியாயமென்று காட்டுவதற்கு அந்தப் படமும், அதற்கு மூலமான மனிதரின் வாழ்க்கையுமே போதுமென்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

கிரிஸ் கார்ட்னர் 1954-இல் விஸ்கான்சின் மாகாணத்தின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். பெற்ற தகப்பனை இருபத்தெட்டு வயது வரையில் அவர் கண்ணால் கண்டதில்லை. வீட்டிலிருந்த மாற்றாந்தகப்பனோ அடியும் உதையுமாகவே குடும்பத்தை நடத்தியவன். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால், அது தன் தகப்பன் இன்னாரென்று அறிந்தே வளர வேண்டும் என்று சிறு பிராயத்திலேயே சங்கற்பம் செய்துகொண்ட அவர், கடற்படையில் சேவை செய்து, பிற்பாடு சான்பிரான்சிஸ்கோவில் வைத்தியக் கருவிகளை விற்று ஜீவனம் நடத்திவந்த நாளில், சிவப்பு ஃபெராரி காரில் வந்த ஒருவரிடம் அவருடைய தொழில் என்னவென்று விசாரித்தார். பங்குத் தரகு என்று வந்த பதில், கடைசியில் அவரை டீன் விட்டர் என்னும் நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பயிற்சிக் காலத்தில் மாதம் சுமார் 1,000 டாலர் கிடைத்தது என்றாலும், கைக்குழந்தையைத் தனியாக வளர்த்த அந்தத் தகப்பனுக்கு அது வாடகைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் சேர்ந்தாற்போல் போதவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு வருஷ காலம் தகப்பனும் பிள்ளையும் வீடில்லாதவர்களாகத் திரிந்தார்கள்.

இத்தாலியரான கேப்ரியேல் முச்சினோ இயக்கிய படத்தில், கார்ட்னராக வில் ஸ்மித்தும், அவருடைய மகனாக வில் ஸ்மித்தின் சொந்தப் புதல்வன் ஜேடனும் நடித்தார்கள். ஓர் இரவு போக்கிடமின்றி ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது, கையிலிருக்கும் கருவியைக் காலத்தைக் கடக்கும் யந்திரமென்று சொல்லி, டைனோசார்கள் துரத்துகின்றன என்று பாவனை பண்ணி, குகைக்குள் ஒளியலாம் வா என்று குழந்தையைக் கழிப்பறைக்குள் அழைத்துப் போகிறார் தகப்பன். தரையில் காகிதத்தை விரித்து, மகனை மடியில் கிடத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கையில், வெளியிலிருந்து யாரோ கதவைப் படபடவென்று தட்டுகிறார்கள். ஒரு காலை நீட்டிக் கதவை அடைத்துக்கொண்டு, கையால் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுகிறார் அந்த மனிதர். குழந்தையின் தூக்கம் கலையவில்லை. வறுமை தன் பிள்ளையின் உடம்பைத் தொட்டுவிட்டது, அவன் மனத்தையாவது தொடாமலிருக்கட்டும் என்று ஒரு தகப்பன் செய்யும் பிரயத்தனத்தை இதைவிட ஸ்பஷ்டமாகக் காட்டிய காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பகலிலும் அந்தப் பிரயத்தனம் ஓய்வதில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கருவியைக் கீழே வைக்காமலும், எழுந்து போக நேருமே என்று தண்ணீர்கூடக் குடிக்காமலும் அவர் நிமிஷங்களை மிச்சம் பிடிக்கிறார். மேலதிகாரி ஒருவர் வாடகைக் காருக்குக் கொடுக்க ஐந்து டாலர் கேட்கும்போது, அதைக் கொடுத்தால் இரவு என்ன ஆகுமென்று தெரிந்தும், இல்லை என்று சொல்ல மாட்டாமல் எடுத்துக் கொடுக்கிறார். கேட்டவருக்கு அது சில்லறை. கொடுத்தவருக்கு அது சாப்பாடு. ஏழை தன் ஏழ்மையை மறைப்பதற்குச் செலவழிக்கும் பணம் எவ்வளவு என்பதை வறுமை அறியாதவர்கள் ஒருபோதும் கணக்கிட்டதில்லை.

இவ்வளவு மனோதிடம் படைத்தவரும், அந்த மனோதிடத்தைக் கொண்டு தமக்கென்று ஒரு படுக்கையை உண்டாக்கிக்கொள்ள முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். படுக்கையைக் கொடுத்தது கிளைட் மெமோரியல் என்னும் ஆலயம். அங்கே அப்போது இருந்த விடுதி வீடற்ற பெண்களுக்காக ஏற்பட்டது. கைக்குழந்தையோடு ஓர் ஆண்பிள்ளை வந்து நின்றபோது, விதி இடங்கொடாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் போதகர் செசில் வில்லியம்ஸ் தயங்காமல் சம்மதித்தார். ரயில் நிலையத்தில் ஒரு கதவைக் காலால் அடைத்துக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்றிய தகப்பனுக்கு, வாழ்க்கையில் ஏறுவதற்கு வேறொரு கதவை வேறொருவர் திறக்க வேண்டியிருந்தது.

படத்தை எடுத்தவர்கள், பயிற்சிக்குச் சம்பளமே கிடையாது என்று கதையை மாற்றினார்கள். தத்தித் தத்தி நடக்கும் பிராயத்துக் குழந்தையை ஐந்து வயதுப் பையனாக்கினார்கள். கதைக்காகச் செய்த இந்த மாற்றங்களை நான் குறை சொல்லவில்லை. ஆயினும், சம்பளத்தை நீக்கியதால் முயற்சி ஒன்றே எல்லாவற்றையும் சாதித்தது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. உண்மையில், கல்லூரிப் பட்டமில்லாத ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட நிறுவனம், மாதந்தோறும் வந்த அந்தச் சிறு தொகை, தகப்பன் வேலைக்குப் போன நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட காப்பகம், இரவில் இடங்கொடுத்த ஆலயம் ஆகிய இவ்வளவும் சேர்ந்துதான் அவருடைய முயற்சிக்கு நிற்பதற்கு நிலம் கொடுத்தன. படத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஹாப்பினஸ்' என்ற வார்த்தையில் உள்ள எழுத்துப் பிழை, ஒரு காப்பகத்தின் சுவரில் அப்படிப் பிழையாக எழுதியிருந்ததிலிருந்து வந்தது என்பது எவ்வளவு பொருத்தம்!

கிளைட் ஆலயத்தின் வாசலில் வரிசையாக நிற்கும் காட்சியில், உண்மையாகவே வீடற்றிருந்த மனிதர்கள் சிலரும் நடித்திருக்கிறார்கள். செசில் வில்லியம்ஸ் போதகராகத் தாமே தோன்றுகிறார். அந்த வரிசையில் முன்னால் நிற்பவருக்குப் படுக்கை கிடைக்கிறது. பின்னால் நிற்பவருக்குக் கதவு மூடிவிடுகிறது. பின்னால் நின்றவன் சோம்பேறி என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? அவனும் பகலெல்லாம் ஓடியவனாக இருக்கலாம். ஐந்து நிமிஷம் பிந்தியது ஒன்றே அவனுடைய குற்றமாக இருக்கலாம்.

1987-இல் சிகாகோவில் சொந்தமாகத் தரகு நிறுவனம் தொடங்கிப் பெருஞ் செல்வரான பிறகும், கார்ட்னர் தாம் படுத்துறங்கிய இடத்தை மறக்கவில்லை. கிளைட் ஆலயத்தின் பணிகளுக்குத் தொடர்ந்து உதவி செய்து வந்தார். தம்மை ஏற்றிவிட்டது எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால், இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற தாய் தந்தையரையும் ஆசிரியர்களையும் நான் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தகப்பனைப் போல் உழை என்று அவசியம் சொல்லுங்கள். அந்தப் போதகரைப் போல் கதவைத் திற என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.