சேர்க்கச் சட்டம் உண்டு, இறைக்க?

2003-ல் தமிழகத்தில் தண்ணீருக்காக இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மற்றொன்று நிலத்தடி நீர்ச் சட்டம்: கிணறுகளைப் பதிவு செய்ய வேண்டும், புதிதாகத் தோண்ட அனுமதி பெற வேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் ரத்து செய்யப்பட்டது. சென்னைப் பெருநகருக்கு மட்டும் 1987-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஆக, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மழைநீரை மண்ணுக்குள் விடும் கடமை வீட்டுக்காரருக்கு உண்டு. இறைப்பதற்கு வரம்பு வைக்க வந்த சட்டமோ போய்விட்டது. விவசாய பம்புசெட்டுகளுக்கு மின்சாரமும் இலவசம். மின்கட்டணம் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் எண்ணம் எளிதில் வராது. இது விவசாயிகள் மீதான குறை அல்ல. பாதியில் நின்ற சட்டத்தின் குறை.

மலையடிவாரத்தில் இருந்தாலும் நமக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழையே. அது தொடங்கும் முன் வீட்டு மழைநீர்த் தொட்டியில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிவாசல் கட்டடங்களும் இச்சட்டத்தில் அடக்கம். நபி (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் அளவு நீரிலேயே உளூ செய்தவர்கள். அந்தச் சிக்கனத்தை நாம் பேணுவோம். கூடவே, நிலத்தடி நீருக்கு மீண்டும் ஒரு சட்டம் வேண்டுமென நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஜமாஅத்தாகக் கேட்போம்.