வீட்டுக் கடனும் சுவரின் உறுதியும்

பூகம்பம் என்பது இமயமலை அடிவாரத்துக்கும் கச்சுப் பகுதிக்கும் உரிய துன்பம், வைகைக் கரைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடத்தில், நான்கு மண்டலங்களுள் அபாயம் மிகக் குறைந்ததான இரண்டாம் மண்டலத்திலேயே மதுரை இடம் பெற்றது. ஆயினும் குறைந்த அபாயம் வேறு, அபாயமின்மை வேறு. இவ்வேறுபாட்டை மராட்டிய நாட்டுக் கிராமங்கள் பெருவிலை கொடுத்துத் தெரிந்துகொண்டன.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, பொழுது விடியுமுன், லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நிலம் அதிர்ந்தது. அதன் அளவு 6-க்குச் சற்றே மேற்பட்டது. உறங்கிக்கொண்டிருந்தோரில் 7,500-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பகுதி அந்நாளைய வரைபடத்தில் மிகவும் பத்திரமான முதல் மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருந்தது! உயிர்களை வாங்கியவை வீடுகளே. இரண்டடிக்கும் மேற்பட்ட கனமுள்ள கருங்கற் சுவர்கள் மண் சாந்தில் எழுப்பப்பட்டிருந்தன. உட்புற வரிசைக்கும் வெளிப்புற வரிசைக்கும் இடையே பொடிக்கல்லை நிரப்பியிருந்தார்கள். இருபுறத்தையும் பிணைக்கும் நீண்ட கற்களை வைக்கவில்லை. வெயிலுக்கு அஞ்சிக் கூரைமேல் ஓரடிக்கும் அதிகமாக மண் கொட்டியிருந்தார்கள். ஊடையின்றிப் பாவு மட்டும் நீட்டினால் அது துணியாகாது என்பதை நம் நெசவாளருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அச்சுவர்களும் அத்தகையனவே. அதிர்ச்சியில் இரு வரிசைகளும் பிரிந்து விழ, கூரையின் பாரம் முழுவதும் உறங்கியவர் மீது இறங்கிற்று.

நமக்கு அருகிலும் நிலம் அசையாமல் இருந்ததில்லை. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தேனி மாவட்டத்துக்கு அடுத்த இடுக்கியில் 5 அளவுள்ள அதிர்ச்சி ஏற்பட்டது. இவற்றைக் கூறுவது பீதியைக் கிளப்புவதற்கன்று. நிலத்தின் அசைவு நம் கையில் இல்லை. சுவரின் உறுதியோ முற்றிலும் நம் கையில் உள்ளது. 1931-இல் பலூசிஸ்தானத்து மாச் என்னும் ஊரில் ஏற்பட்ட பூகம்பத்துக்குப் பின், எஸ். எல். குமார் என்ற இளம் ரயில்வே எஞ்சினீயர் குவெட்டாவில் ஊழியர் குடியிருப்புகளை அதிர்ச்சி தாங்கும் முறையில் அமைத்தார். 1935-இல் அந்நகரம் பெரும்பாலும் இடிந்து விழுந்தபோது அக்குடியிருப்புகள் நிலைத்து நின்றன.

இனி நமது சமவெளிக் கிராமங்களின் நிலையைப் பார்ப்போம். பழைய ஓட்டு வீட்டின் மண் சாந்துச் சுவர், ஓட்டின் பாரத்தைத் தாங்கவே கட்டப்பட்டது. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஓட்டைப் பிரித்துவிட்டு, அதே சுவர்மேல் கான்கிரீட் தளம் போடுகிறார்கள். இதைவிடக் கேடான சிக்கனம் வேறில்லை. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும். அதன்மீது ஆழமில்லாத கடைக்கால் போட்டால் சுவர் பூகம்பமின்றியே பிளக்கும். நெசவாளர் வீடுகளில் குழித்தறிக்கான பள்ளத்தைச் சுவரை ஒட்டித் தோண்டுவதால் கடைக்காலின் பக்கத்து மண் தளர்ந்துபோகிறது. நீர் விட்டுக் குழைத்த சிமெண்டுக் கலவையை அரைமணிக்குள் தீர்த்துவிடாமல், உணவு வேளைக்குப் பின்னும் நீர் தெளித்துப் பூசுவோரும் உண்டு. புதுச் சுவருக்குப் பத்து நாளேனும் நீர் விட்டு ஈரம் காக்கும் பொறுமையும் அரிதாகி வருகிறது.

பரிகாரம் கடினமானதன்று. கடைக்கால் மட்டத்திலும், கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் சுவர்கள் அனைத்தையும் சுற்றி இடைவிடாத கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். நம் பகுதியின் சிறிய வீட்டுக்கு மூன்று அங்குலக் கனமும், இரண்டு எட்டு மில்லிமீட்டர்க் கம்பிகளும் போதும். மூலைகளில் கம்பியை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைக்க வேண்டியது முக்கியம். வாசல்களுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடும் வழக்கம் சுவர்களைப் பிணைக்காது. கதவு ஜன்னல்களை மூலையிலிருந்து ஓரிரு அடி விலக்கி வைக்க வேண்டும். கற்சுவராயின், உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றும் நீளத்தில் நான்கடிக்கு ஒன்றுமாகச் சுவரின் முழு அகலத்துக்கும் செல்லும் கற்களை வைக்க வேண்டும். மண் வீடுகளுக்கும் எளிய கட்டடங்களுக்கும் உரிய விதிகளை அமைவனம் 1993-ஆம் ஆண்டிலேயே தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது. ஆகவே ஏழையின் வீட்டுக்கு வழி சொல்லப்படவில்லை என்று கூற இயலாது.

"வராத பூகம்பத்துக்கு ஏன் செலவு?" என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. கடன் வாங்கிக் கட்டுவோருக்கு ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் கணக்குத்தான். ஆனால் அதே பட்டைதான் கரிசல் நிலத்தில் சுவர் விரிசல் விடுவதைக் குறைக்கிறது. ஐப்பசி அடைமழையில் கடைக்கால் ஒரு பக்கம் தாழ்ந்தாலும் சுவர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. முகப்பு அலங்காரத்துக்கும் பளபளக்கும் தரைக்கும் ஆகும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். அலங்காரத்தை அடுத்த அறுவடைக்குப் பின்னும் செய்துகொள்ளலாம். கட்டிய சுவருக்குள் பட்டையைப் பின்னர் நுழைப்பது எளிதன்று. மேலும் நெசவாளருக்கு வீடே தொழிற்சாலை. சுவர் விழுந்தால் தறியும் போகும், பாவும் போகும்; மிஞ்சுவது கடன் ஒன்றே.

இவ்விடத்தில்தான் சங்கங்களின் கடமை தொடங்குகிறது. வீட்டுக் கடனை வேலையின் கட்டத்துக்கேற்பத் தவணைகளாக வழங்குவது வழக்கம். பத்திரமும் ஜாமீனும் சரியா என்று பார்க்கும் நாம், சுவர் சரியா என்றும் பார்க்க வேண்டாமா? லிண்டல் மட்டப் பட்டை சுற்றிலும் போடப்பட்டதை நேரில் பார்த்த பின்னரே தளத்துக்கான தவணையை விடுவிப்பது என்று ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தீர்மானிக்கலாம். பழைய மண் சுவர்மேல் கான்கிரீட் தளம் போடுவதற்குக் கடன் மறுக்கலாம். கிராமத்துக் கொத்தனார்களைக் கூட்டி, கம்பி வளைக்கும் முறையை ஒரு நாள் செய்து காட்ட ஏற்பாடு செய்யலாம். இவற்றுக்குச் சர்க்கார் உத்தரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணமே. அது உறுதியான சுவராக நிற்க வேண்டும் என்று கேட்பது அவர்களுடைய உரிமை. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு சங்கத் தலைவர்களையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.