போட்டியை விலைக்கு வாங்கியவர்கள்

2004-ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்கக் கடைகளின் அலமாரிகளில் இரண்டு வீடியோ விளையாட்டுகள் அடுத்தடுத்து வந்து அமர்ந்தன. இரண்டும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியவை. இரண்டிலும் என்.எஃப்.எல். எனப்படும் தேசிய லீகின் அதே அணிகள், அதே ஆட்டக்காரர்கள், அதே மைதானங்கள். ஒன்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘மேடன் 2005’. விலை ஏறத்தாழ 50 டாலர். மற்றது விஷுவல் கான்செப்ட்ஸ் உருவாக்கி சேகா வெளியிட்ட ‘ஈ.எஸ்.பி.என். என்.எஃப்.எல். 2கே5’, விலை ஏறத்தாழ 20 டாலர். மலிவாகக் கிடைத்தது சோடை போகவில்லை. விமர்சகர்களின் தராசில் இரு தட்டுகளும் ஏறக்குறைய சமமாகவே நின்றன. ஆண்டு முடிவதற்குள் மேடனின் விலை 30 டாலருக்கு இறங்கியது.

போட்டி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் விளக்கம் தேவையில்லை. ஒருவன் நன்றாகச் செய்து மலிவாகத் தருகிறான். மற்றவன் விலையைக் குறைத்தாக வேண்டும், அடுத்த ஆண்டு இன்னும் நன்றாகச் செய்தாக வேண்டும். பயன் வாங்குகிறவனுக்கு.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மூன்றாவது வழி ஒன்று இருப்பதை உலகம் அறிந்தது. என்.எஃப்.எல். லீகுடனும் அதன் ஆட்டக்காரர் சங்கத்தின் வணிகப் பிரிவுடனும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 5 ஆண்டுகளுக்குத் தனியுரிம ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவித்தது. இனி அந்த அணிகளையும் ஆட்டக்காரர்களையும் தன் விளையாட்டில் காட்ட வேறு எவருக்கும் உரிமை இல்லை. 2005 ஜனவரியில் சேகா, விஷுவல் கான்செப்ட்ஸை 24 மில்லியன் டாலருக்கு டேக்-டூ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. அந்த ஆண்டு வந்த மேடனின் விலை மறுபடியும் 50 டாலர். புதிதாக வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360-க்கான பதிப்பு 60 டாலர். பழைய கருவிகளுக்கான பதிப்பில் இருந்த வசதிகள் பல அதில் இல்லை. ஒப்பந்தம் 2008-இல் நீட்டிக்கப்பட்டது. 2020 மே மாதத்தில் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எதிரணி இன்னும் களத்துக்கு வரவில்லை.

இந்தப் பரிவர்த்தனையில் விற்கப்பட்ட பொருள் எது? லீகின் பெயரைப் பயன்படுத்தும் அனுமதி என்று சொல்வார்கள். அந்த அனுமதி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் ஏற்கெனவே இருந்தது. இருந்ததால்தான் மேடன் 2005 வெளிவந்தது. 2004 டிசம்பரில் அது புதிதாகப் பெற்றது ஒரே ஒரு வாக்குறுதிதான்: வேறு யாருக்கும் தரமாட்டோம் என்பது. அதாவது அந்நிறுவனம் வாங்கியது போட்டியின்மையை. இன்னும் நல்ல விளையாட்டைச் செய்யவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுதலையை.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பொருளுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். விளையாட்டைப் பற்றிய வீடியோ விளையாட்டை மூலத்தின் நகல் என்று நினைப்பது பிழை. அது ஓர் உரை. ஆட்டத்தின் எந்தக் கூறு முதன்மையானது, எது விட்டுவிடத் தக்கது, வெற்றிக்குக் காரணம் உடல்வலியா திட்டமா என்றெல்லாம் அது தன் கருத்தைச் சொல்கிறது. ‘2கே5’ அமெரிக்கக் கால்பந்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பாகக் கண்டது. அறிவிப்பாளர் கிறிஸ் பெர்மன் தோன்றி, நடந்தவற்றைத் தொகுத்துச் சொல்வார். மேடன், தன் பெயருக்குரிய ஜான் மேடனைப் போலவே, அதைப் பயிற்சியாளரின் கண்ணால் கண்டது. இரண்டும் முறையான வாசிப்புகள். திருக்குறளின் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பது நம் மரபு. பரிமேலழகர் மற்றவர்களை விஞ்சுகிறார் என்று நாம் துணிந்து சொல்ல முடிவது, மணக்குடவரும் பரிப்பெருமாளும் காலிங்கரும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பதால்தான். உரை எழுதும் உரிமையைப் பரிமேலழகருக்கு மட்டும் ஓர் அரசன் சாசனமாக எழுதிக் கொடுத்திருந்தால், இழப்பு மற்றவர்களோடு நின்றிருக்காது. அவரது மேன்மையை அளந்தறியும் கோலையும் நாம் இழந்திருப்போம்.

தனியுரிமத்தை ஆதரிப்போர் வழக்கமாக நான்கு வாதங்களை முன்வைக்கிறார்கள்.

முதலாவது: பெயர் லீகின் சொத்து, சொத்தை யாருக்கு விற்பது என்பது உடையவன் விருப்பம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே உடையவன் ஒருவனல்ல. 32 அணிகள் தத்தம் பெயருக்கும் சின்னத்துக்கும் தனித்தனியே உரிமை கொண்டவை. தங்களுக்குள் போட்டியிட வேண்டியவை. அவை ஒன்றுகூடி, ஒரே வணிகருக்கு மட்டும் தருவோம் என்று முடிவெடுக்கின்றன. தொப்பிகள் விஷயத்தில் இதே லீக் 2000-இல் ரீபாக் நிறுவனத்துக்கு 10 ஆண்டுத் தனியுரிமம் தந்தபோது, வெளியே தள்ளப்பட்ட அமெரிக்கன் நீடில் என்னும் தொப்பி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நாங்கள் அனைவரும் ஒரே நிறுவனம், எங்களுக்குள் கூட்டுச்சதி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று லீக் வாதிட்டது. 2010 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தை நிராகரித்தார்கள். இத்தகைய ஒப்பந்தம் எல்லாமே சட்டவிரோதம் என்று அவர்கள் சொல்லவில்லை; போட்டிச் சட்டத்தின் சோதனைக்கு அப்பாற்பட்டதல்ல என்றே சொன்னார்கள். ‘என் சொத்து, என் விருப்பம்’ என்ற ஒற்றை வரி பதிலாகாது என்பதற்கு அது போதும்.

இரண்டாவது: பெயர்கள் இல்லாமலே விளையாட்டைச் செய்யலாமே, யார் தடுத்தார்கள்? செய்துதான் பார்த்தார்கள். 2007-இல் விஷுவல் கான்செப்ட்ஸ் ‘ஆல்-ப்ரோ ஃபுட்பால் 2கே8’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற 240-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் உரிமை பெற்று, கற்பனை அணிகளில் ஆட வைத்தார்கள். களத்தில் ஆட்டம் நேர்த்தியாகவே இருந்தது. அதற்குத் தொடர்ச்சி வரவில்லை. ரசிகன் தன் ஊரின் அணியோடு வாழ்கிறவன். தந்தையிடமிருந்து பெற்ற பற்று அது. கற்பனை அணியை அவன் கையில் கொடுத்துவிட்டு, தெரிவு உன்னுடையது என்பது பரிகாசம். ஐரோப்பியக் கால்பந்திலும் இந்தக் கூத்து உண்டு. கொனாமியின் விளையாட்டில் லிவர்பூல் அணி ஒரு காலத்தில் ‘மெர்சிசைட் ரெட்’ என்ற புனைபெயரில் ஆடியது. 2019-இல் யுவென்டஸ் அணியின் தனியுரிமம் கொனாமிக்குப் போனதும், ‘ஃபிஃபா 20’ விளையாட்டில் அதே அணி ‘பியமோன்டே கால்ச்சியோ’ ஆனது.

பெயர் இருந்தால் மட்டும் விளையாட்டு நன்றாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது மறந்திருக்காது. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களின் அதிகாரபூர்வ உரிமத்தோடு 2013 நவம்பரில் வந்த ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’, பிழைகளின் மூட்டையாக இருந்ததால் சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், உண்மைப் பெயர்களுக்கு உரிமமின்றி வந்த ‘டான் பிராட்மன் கிரிக்கெட் 14’ ரசிகர்களின் அன்பைப் பெற்றது. வீரர்களைத் தாங்களே உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளும் வசதியைக் கொண்டு அவர்கள் அந்தக் குறையை நிரப்பினார்கள். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அந்தப் பெயரற்ற விளையாட்டு வந்தபோது, பெயருள்ள எதிரி தன் பிழையாலேயே கடையை விட்டுப் போயிருந்தது.

மூன்றாவது: தனியுரிமம் இல்லாத கூடைப்பந்திலும் கடைசியில் ஒருவன்தானே மிஞ்சினான்? இது வலுவான வாதம். நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியது. என்.பி.ஏ. லீக் தன் பெயரை இருவருக்கும் தந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘என்.பி.ஏ. எலீட் 11’ 2010-இல் வெளியீட்டுக்கு முன்பே கைவிடப்பட்டது. பிறகு வந்தவையும் எடுபடாமல், ‘என்.பி.ஏ. லைவ் 19’ உடன் 2018-இல் அந்தத் தொடர் நின்றது. அங்கே வென்ற ‘2கே’ வரிசை இன்று மெய்ப்பணத்தைக் கொட்டி வாங்கும் பொய்ப்பணத்தால் தன் ரசிகர்களைப் பிழிந்தெடுப்பதையும் அறிவோம். தனித்து நிற்பவன் எவனாயினும் சோம்பலும் பேராசையும் பற்றும் என்பதற்கு அது இன்னொரு சான்று. வேறுபாடு இதுதான்: கூடைப்பந்தில் தோற்றவன் நல்ல விளையாட்டின் முன் தோற்றான். ‘2கே5’ எதன் முன்னும் தோற்கவில்லை.

நான்காவது: உரிமத்துக்காக ஏலம் கேட்பதும் போட்டிதானே? ஆம், காசோலைகளின் போட்டி. அதில் வெல்பவன் பெரிய பையுள்ளவன். கொடுத்த பணத்தை அவன் யாரிடமிருந்து மீட்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குற்றம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஒரு நிறுவனத்தின் பிறவிக்குணம் என்று நான் சொல்ல வரவில்லை. பேஸ்பாலில் வேடங்கள் மாறின. 2005 ஜனவரியில் டேக்-டூ அதே ஆயுதத்தை எடுத்து, கருவித் தயாரிப்பாளர்கள் தவிர்த்த பிற வெளியீட்டாளர்களில் தனக்கு மட்டும் என்று மேஜர் லீக் பேஸ்பால் உரிமத்தைப் பெற்றுக்கொண்டது. இதில் வெளியே தள்ளப்பட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். அதன் ‘எம்விபி பேஸ்பால் 2005’ இன்றும் ரசிகர்கள் கண்கலங்கப் பேசும் படைப்பு. அந்த வரிசையின் மேஜர் லீக் விளையாட்டுகள் அதோடு முறிந்தன. உரிமத்தை வென்ற டேக்-டூவின் பேஸ்பால் விளையாட்டோ, விதிவிலக்கின் வழியே தப்பிய சோனியின் விளையாட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2013-இல் மறைந்தது. நல்லவன் கையில் இருந்தாலும் தீயவன் கையில் இருந்தாலும் தனியுரிமம் ஒன்றையேதான் செய்கிறது.

அமெரிக்கக் கால்பந்துக்கு வருவோம். எதிரி இல்லாத ஆண்டுகளில் உழைப்பு எங்கே போனது? சீட்டுக் கட்டுகளை விலைக்கு வாங்கி அணி சேர்க்கும் ‘அல்டிமேட் டீம்’ என்னும் பகுதிக்கு. கால்பந்து, ஹாக்கி விளையாட்டுகளிலும் உள்ள இதே பகுதிகள் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு 162 கோடி டாலர் ஈட்டித் தந்தன. அணியொன்றைப் பல பருவங்களுக்கு நிர்வகிக்கும் பழைய பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று 2020-இல் ரசிகர்கள் இணையத்தில் திரண்டு கூக்குரலிட்ட பிறகே சில திருத்தங்கள் வந்தன. வேறு கடைக்குப் போக வழியுள்ளவன் கூக்குரலிட மாட்டான், போய்விடுவான். வழியற்றவனுக்கு மிஞ்சுவது மனுப் போடுவது ஒன்றே.

நீதிமன்றம் என்ன செய்தது? 2008-இல் கலிஃபோர்னியாவில் நுகர்வோர் தொடுத்த வழக்கு 2012-இல் 27 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. கல்லூரிக் கால்பந்து உரிமத்தை 5 ஆண்டுகளுக்குத் தனியுரிமமாகப் பெறுவதில்லை என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒப்புக்கொண்டது. என்.எஃப்.எல். ஒப்பந்தத்தை யாரும் தொடவில்லை. அந்தக் கல்லூரி நிபந்தனையும் வெறும் காகிதமாயிற்று. மாணவ ஆட்டக்காரர்களின் சாயலை ஒரு காசு தராமல் விற்றதற்கு எதிரான வேறு வழக்குகளால் 2013-க்குப் பிறகு கல்லூரி விளையாட்டே வரவில்லை. மாணவர்களுக்கு 40 மில்லியன் டாலர் தந்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் உரிம முகமையும் சமரசம் செய்துகொண்டன. 2021-இல் கல்லூரி விளையாட்டு மீண்டும் வரும் என்று அறிவித்தபோது, அதற்கும் அதே நிறுவனம் தனியுரிமத்தோடு வந்து நின்றது. 2024-இல் விளையாட்டு வெளியானது. மாணவர் ஒருவருக்கு முதலில் கிடைத்தது 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும். வாங்குபவன் ஒருவனே என்றால், தன் முகத்தை விற்கும் மாணவன் யாரிடம் பேரம் பேசுவான்?

நான் கேட்பது புரட்சியல்ல. லீக் தன் பெயருக்கு விலை வைக்கட்டும், கூடுதலாகவே வைக்கட்டும். தரநிபந்தனைகளையும் விதிக்கட்டும். ஆனால் அந்த விலையையும் நிபந்தனையையும் ஏற்று வரும் எவருக்கும் ஒரே விதமாகத் தரட்டும். ‘மற்றவனுக்குத் தராதே’ என்ற வாசகத்துக்கு மட்டும் விலை இருக்கக்கூடாது. 2004 டிசம்பருக்கு முன்பு ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. சோனி, மைக்ரோசாஃப்ட், மிட்வே, அக்ளெய்ம் என்று பலரும் அந்த லீகின் பெயரில் விளையாட்டுகள் செய்தார்கள். அதனால் லீக் ஏழையாகிவிடவில்லை.

‘2கே5’ விளையாட்டை இன்றும் ஆடுகிறார்கள். புதிய பருவம் தொடங்கும்போது, ஓய்வுபெற்றவர்களை நீக்கி, புதிதாய் வந்தவர்களின் பெயர்களையும் திறன் எண்களையும் ஒவ்வொன்றாக உள்ளிட்டு, பழைய பிளேஸ்டேஷன் 2-இல் ஓடும் பட்டியல்களை ரசிகர்கள் கூலியின்றித் தயாரித்துப் பகிர்கிறார்கள். செல்லரிக்கும் ஏட்டைப் பெயர்த்தெழுதிக் காத்தவர்களின் வேலை இது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது அந்தப் பட்டியல்களில் ஆட்டக்காரர்களாக இடம்பெறத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் தங்கள் லீகின் விளையாட்டை இரண்டு பேர் போட்டியிட்டுச் செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை.