உயர் பதவியினரைப் பாராளுமன்றம் விலக்கலாமா?

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனைப் பதவியிலிருந்து நீக்கும் பிரேரணை பாராளுமன்றத்தில் 177 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக ஒரு வாக்கேனும் விழவில்லை. இந்நாட்டில் பொலிஸ் மா அதிபர் ஒருவர் பாராளுமன்றத்தின் வாக்கினால் பதவியிழந்தது அதுவே முதற் தடவை. கொழும்பிலே பெரியவர்கள் பெரியவர்களை விலக்குகிறார்கள், எங்கள் காணிக்கும் தோட்டத்துக்கும் இதனால் ஆவதென்ன என்று எமது வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு மறுமொழி கூற 2012ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டில் 'திவிநெகும' என்ற சட்டமூலம் வந்தது. தமிழில் அதற்கு 'வாழ்வின் எழுச்சி' என்று பெயர். சமுர்த்தி அதிகார சபையையும் வேறு அபிவிருத்தி அதிகார சபைகளையும் இணைத்து, பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் ஒரே திணைக்களமாக்குவது அதன் நோக்கம். வீட்டுத்தோட்டம், சிறுகடன், வாழ்வாதார உதவி என்று சொற்கள் இனிமையாகவே இருந்தன. ஆயினும், 13ஆவது திருத்தத்தினால் மாகாண சபைகளுக்குக் கொடுக்கப்பட்ட விடயங்களில் அது கை வைத்தது. ஆகவே மாகாண சபைகளுக்கு அதனை அனுப்பவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. வடக்கிலோ தெரிவுசெய்யப்பட்ட சபையே அப்பொழுது இல்லை. தேர்தல் 2013 செப்டெம்பரிலேதான் நடந்தது. ஆளுநர் தாமே சம்மதம் கொடுத்தார். ஜனாதிபதி நியமித்த ஆளுநர், இல்லாத சபையின் பேரில் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிற்று. தறப்பாள் கொட்டில்களில் இருந்துகொண்டு காடு வெட்டி வயல் திருத்திய வன்னி விவசாயியின் சம்மதமும் ஒரு சம்மதமே என்று ஏற்றுக்கொண்ட தீர்மானம் அது. நம்மிற் பலர் அன்று அதை அறிந்திருக்கவே மாட்டார்கள்.

அந்த நாட்களிலேயே, 2012 நவம்பர் 1ஆம் திகதி, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. குற்றச்சாட்டுகள் 14. விசாரித்த தெரிவுக்குழுவில் பதினொருவர். அவர்களில் எழுவர், குற்றஞ்சாட்டிய ஆளுந்தரப்பினர். எதிர்க்கட்சியின் நால்வரும் விலகிச் சென்றனர். பிரதம நீதியரசரும் விசாரணையின் முறை நீதியற்றது என்று எழுந்து வெளியேறினார். டிசெம்பர் 8இல் மூன்று குற்றங்கள் நிரூபணம் என்று அறிக்கை வந்துவிட்டது. சட்டத்தினால் அமைக்கப்படாத குழுவுக்கு நீதியரசரைக் குற்றவாளி என்று காணும் அதிகாரம் இல்லை என உயர் நீதிமன்றம் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. 2013 ஜனவரி 8இல் வாழ்வின் எழுச்சிச் சட்டமூலம் நிறைவேறியது. 11இல் 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. 13இல் ஜனாதிபதி அவரை நீக்கினார்.

அவர் எமக்கு வேண்டியவர் என்பதற்காக இதை எழுதவில்லை. ஜனாதிபதியின் பதவித்தவணை வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்துக்கு 2010இல் வழிவிட்ட நீதியரசர் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. அவர் மீது சொல்லப்பட்டவற்றில் உண்மை இருந்ததா இல்லையா என்பதை அந்தக் குழுவினால் எவருக்கும் காட்ட முடியவில்லை. நாம் வருந்துவது அதற்குத்தான். வேதாகமத்தில் ஆகாப் அரசனும் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை வெறுமனே பறித்துக்கொள்ளவில்லை. சபை கூட்டப்பட்டது, சாட்சிகள் இருவர் நிறுத்தப்பட்டனர், எல்லாம் முறைப்படி நடந்ததாகத் தோன்றியது.

இனிக் காணியின் கதை. வலிகாமம் வடக்கிலே 1990 முதல் வெளியேற்றப்பட்டிருந்த குடும்பங்களின் செம்மண் நிலம், 6,381 ஏக்கர், அரசினால் சுவீகரிக்கப்படும் என்ற அறிவித்தல் வந்தது 2013 ஏப்பிரலில். பிரதம நீதியரசர் நீக்கப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. காணிச் சொந்தக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உறுதியையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நாடியது எங்கே? அதே நீதித்துறையைத்தான். அரசாங்கத்துக்கு ஒவ்வாத தீர்மானம் சொன்ன நீதிமன்றத்தின் தலைமை எப்படிப் போயிற்று என்று கண்டிருந்த ஒரு நீதிபதி, அரசாங்கத்துக்கு எதிராகக் கட்டளை எழுதும்போது எத்தனை தரம் பேனாவைக் கீழே வைப்பார்? முகாமில் இருப்பவனுக்குப் படை இல்லை, பணம் இல்லை, பல வேளைகளில் வாக்காளர் இடாப்பிற் பெயரும் இல்லை. அவனுக்கு மிஞ்சியிருப்பது நீதிமன்ற வாசல் ஒன்றே.

அப்படியானால் குற்றப்பிரேரணையே வேண்டாம் என்போமா? மாட்டோம். தேசபந்து தென்னக்கோன் சித்திரவதை ஒன்றுக்குப் பொறுப்பாளி என்று உயர் நீதிமன்றம் 2023 டிசெம்பரிலேயே கண்டது. அதன் பின்னரும் 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபர் ஆக்கப்பட்டார். 2024 ஜூலையில் நீதிமன்றம் அவரைக் கடமை செய்யவிடாது தடுத்தது. ஆனால் பதவி அவருடையதாகவே இருந்தது. அதை எடுக்கும் வழி பாராளுமன்றத்திடம் இருந்தது. அங்கே 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கைகொடுத்தது. உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட மூவர் குழு விசாரித்தது. அவர் தம் சட்டத்தரணிகளுடன் பதில் கூறினார். குழு அவரைக் குற்றவாளியாகக் கண்ட பின்பே சபை வாக்களித்தது. ஆகவே நாம் அந்த வாக்கை வரவேற்கிறோம்.

ஜனாதிபதியை விலக்குவதாயினும் இடையிலே உயர் நீதிமன்றத்தின் விசாரணை உண்டு. 38ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. நீதியரசர்களுக்கு மட்டும், 107ஆம் உறுப்புரை விசாரணை முறையைப் பாராளுமன்றத்தின் கையிலே விட்டிருக்கிறது. பெரும்பான்மை உள்ள கட்சியே வழக்காளி, நீதிபதி இரண்டுமாகலாம். அரசாங்கத்தின் நல்லெண்ணத்தை நம்புங்கள் என்றால் நம்பும் நிலையில் நாம் இல்லை. 2001இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவுக்கு எதிராக எதிர்க்கட்சி கொண்டுவந்த பிரேரணை, விசாரணை காணாமலே பாராளுமன்ற ஒத்திவைப்போடு போயிற்று. ஆட்சிக்கு வேண்டாதவர் ஆறு வாரத்தில் விசாரிக்கப்பட்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மக்கள் எங்களைத் தெரிவுசெய்தார்கள், நாங்களே மேலானவர்கள் என்று உறுப்பினர்கள் சொல்வார்கள். பொலிஸ் மா அதிபருக்குக் கிடைத்த விசாரணை நீதியரசருக்கும் கிடைக்கட்டும் என்று கேட்பதனால் அவர்களுடைய மேன்மை குறைந்துவிடாது. விசாரணையைச் சபைக்கு வெளியே, நீதித்துறையில் அனுபவமுள்ள மூவரிடமோ ஐவரிடமோ சட்டத்தினால் ஒப்படைக்க வேண்டும். வாக்கு சபையிடமே இருக்கட்டும்.

தேர்தற் காலத்தில் முகாமுக்கும் குடியேற்றத்துக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். குளத்தைத் திருத்தித் தருவீர்களா, காணியை விடுவித்துத் தருவீர்களா என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அத்துடன், 107ஆம் உறுப்புரையைத் திருத்தக் கையொப்பமிடுவீர்களா என்றும் ஊர்ச் சங்கங்கள் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே மறுமொழி வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.