பட்டன் இருந்தால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைத் தோழரிடம் "டயரைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். "டயரா? கவிதை கிவிதை எதுவும் இல்லையா?" என்றார். கவிதை எழுத சிவில் பிரிவில் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வேன் ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்துப் பையனுக்குத் தெரிந்தது டயர்தான். அதையும் யாராவது எழுதத்தானே வேண்டும்?

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் எல்லா வேன்காரர்களுக்கும் ஒரே பேச்சு: "இந்த சீசனுக்கு டயர் மாத்தணுமா, வேண்டாமா?" கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி; பகல்பத்து, ராப்பத்து என்று இருபத்தொரு நாள் திருவிழா. தை பிறந்தால் பழனி. வருஷம் முழுக்க நிழலில் நின்ற வண்டியும் இந்த மூன்று மாதம் இரவு பகலாக ஓடும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் இதே நேரத்தில்தான். சம்பாதிக்கும் காலமும் சறுக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன என்பதுதான் எங்கள் தொழிலின் சிக்கல்.

இப்போது சிலர் செல்போனில் பார்த்துவிட்டு "விண்டர் டயர் போடலாமா, ஆல் சீசன் போடலாமா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். விண்டர் டயர் என்பது 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் ரப்பர் இறுகிப் போகாமல் இருக்கும்படி மென்மையாகச் செய்த டயர். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் - இதுதான் அதற்கு அடையாளம். ஜெர்மனியில் பனிக்காலச் சாலையில் தகுந்த டயர் இல்லாமல் ஓட்டினால் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து அந்த மலை முத்திரை இருந்தால்தான் அங்கே அதை விண்டர் டயராக ஏற்றுக்கொள்கிறார்கள். நமக்கு? மார்கழி விடியற்காலையிலும் திருச்சி 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த மென்மையான ரப்பரைக் கொண்டுவந்து துவரங்குறிச்சி வெயிலில் ஓட்டினால் பென்சில் அழிப்பான் மாதிரி தேய்ந்துவிடும். ஆகவே அது நமக்கு வேண்டாம். நமக்கு 'எல்லாப் பருவமும்' என்றால் இரண்டே இரண்டு: அக்னி நட்சத்திரத்தின் சூடு, ஐப்பசியின் ஈரம். இந்த இரண்டையும் தாங்குகிற, சத்தம் போடாத, கட்டுப்படியாகிற டயர் எது என்பதுதான் கேள்வி.

முதலில் பட்டனைப் பார்ப்போம். நம் ஊரில் பட்டன் கட்டைகட்டையாக, தடித்து நின்றால் 'நல்ல கிரிப்' என்று நம்பிக்கை. என் சித்தப்பாவும் அந்தக் கட்சிதான். "டேய், பாக்கவே யானைக் கால் மாதிரி இருக்குடா, இதுவா வழுக்கும்?" என்பார். சேற்றிலும் கல் குவாரியிலும் அவர் சொல்வது சரி. ஈரத் தார்ச் சாலையில் சரியில்லை. அங்கே வேண்டியது நீரை வெளியே தள்ளும் நீளவாட்டுப் பள்ளங்கள், அதாவது ரிப் பேட்டர்ன். கட்டைப் பட்டனுக்கு லக் பேட்டர்ன் என்று பெயர். ஒவ்வொரு கட்டையும் தரையில் அடித்து, நடுவில் மாட்டிய காற்றைப் பிதுக்கித் தள்ளும்போதுதான் அந்த 'ஊ...' என்ற ஊளைச் சத்தம் வருகிறது. ஐ.நா.வின் 117-ஆம் ஒழுங்குமுறையில் பஸ், லாரி டயருக்குச் சத்த வரம்பு 73 டெசிபல். இழுவைக்காகச் செய்த கட்டைப் பட்டன் வகைக்கு மட்டும் 75. அதாவது, அந்த ரகம் கத்தத்தான் செய்யும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு ஆகிவிடும் என்று படித்திருக்கிறோமே, அதை வைத்துப் பார்த்தால் 2 டெசிபல் சின்ன வித்தியாசம் இல்லை.

"சத்தத்துல என்னப்பா இருக்கு?" என்று கேட்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு உத்தர வீதியில் ஒரு திண்ணை வீட்டில் படுத்துப் பாருங்கள், தெரியும். அதைவிட முக்கியம், எட்டு மணி நேரம் அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டு ஓட்டும் டிரைவர். அவர் களைத்துப் போவார். டயர் வேறு ஏதாவது சொன்னாலும் அவர் காதில் விழாது. ஒழுங்கான டயர் திடீரென்று இரைய ஆரம்பித்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, அல்லது ஒரு பக்கம் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அமைதியான டயரில்தான் அந்த எச்சரிக்கை கேட்கும். 2022-ல் மத்திய அரசு அறிவித்த விதியில் கார், வேன், பஸ், லாரி டயர்களுக்கு ஈரப்பிடிப்பு, உருளும் தடை, உருளும் சத்தம் மூன்றுக்கும் தரம் வைத்திருக்கிறார்கள். சும்மா வைக்கவில்லை.

அடுத்தது விலை. கடையில் நின்றுகொண்டு பார்க்கும் விலை ஒன்று, ஓட்டி முடித்த பிறகு தெரியும் விலை ஒன்று. கணக்குக்காக ஒரு டயர் 16,000 ரூபாய், 50,000 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 32 காசு. இன்னொன்று 20,000 ரூபாய், 80,000 கி.மீ. ஓடுகிறது, 25 காசு. எது மலிவு? ரேடியல் டயருக்கும் நைலான் டயருக்கும் உள்ள தகராறு ஏறக்குறைய இதுதான். ரேடியல் குறைவாகச் சூடாகும், டீசல் மிச்சம், ஓட்டமும் கூட. ஆனால் பக்கச் சுவர் மெல்லியது, அளவுக்கு மீறிய பாரத்தை மன்னிக்காது. மயிலிறகே ஆனாலும் மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வண்டிக்காரனுக்கே சொல்லி வைத்திருக்கிறார். இருபது பேர் வேனில் இருபத்தாறு பேரை ஏற்றி, மேலே அண்டா குண்டாவையும் கட்டிவிட்டு டயர் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

ரீட்ரெட் பற்றிச் சொல்லாவிட்டால் சீனியர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் ரீட்ரெட்டுக்கு எதிரி அல்ல. உடல் நன்றாக இருக்கும் டயருக்குப் புதுப் பட்டன் கட்டுவது சிக்கனம், குப்பையும் குறையும். இன்று பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் ஆலை வைத்திருக்கும் எம்.ஆர்.எஃப். 1946-ல் சென்னையில் பொம்மை பலூன் செய்து தொடங்கி, 1952-ல் ரீட்ரெட் ரப்பர் வழியாகத்தான் டயர் உலகத்துக்குள் நுழைந்தது. என் கருத்து ஒன்றுதான்: ஆட்களை ஏற்றும் வண்டியில் ரீட்ரெட் பின்னால் இருக்கட்டும், முன்னால் வேண்டாம். பின்னால் இரட்டைச் சக்கரம். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்காது. அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் டயரும், பட்டனை வெட்டி ஆழமாக்கிய டயரும் கூடாது என்று மத்திய விதியே இருக்கிறது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். மேலே சொன்னதெல்லாம் நம் ஆட்களுக்குப் பாதியாவது தெரியும். இது தெரியாது.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு இசை விழா முடிந்து ஊர் திரும்பிய பஸ், ஹைண்ட்ஹெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. டிரைவரும் இரண்டு இளம் பயணிகளும் இறந்துபோனார்கள். முன் டயர் வெடித்திருந்தது. அந்த டயரில் பட்டன் இருந்தது! தேயவே இல்லை. ஆனால் அது 19 வயது டயர். அது மாட்டியிருந்த பஸ்ஸைவிட வயதில் மூத்தது. இறந்தவர்களில் ஒரு பையனுக்கு வயது 18. மகனைவிட மூத்த ஒரு டயர் அவனைக் கொண்டுபோய்விட்டது என்று அவனுடைய தாய் வருஷக்கணக்காக அலைந்து போராடினார். கடைசியில் 2021 பிப்ரவரி முதல், 10 வயது தாண்டிய டயரை லாரி, பஸ்ஸின் முன் அச்சில் போடக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. மினி பஸ்ஸில் ஒற்றையாக நிற்கும் எல்லாச் சக்கரத்துக்கும் இது பொருந்தும்.

ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை. சும்மா நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் உள்ளுக்குள் இறுகி, கம்பிப் பட்டையிலிருந்து மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வரும். வருஷத்தில் மூன்று மாதம் ஓடி, மற்ற நாள் நிற்கும் எங்கள் சீசன் வேன்களுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறு இல்லை. குறைவாக ஓடுவதால் பட்டன் அப்படியே இருக்கும். நாமும் "புது டயர் மாதிரி இருக்கு" என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கு ஏற்றிவிடுவோம். ஸ்டெப்னி கதை இன்னும் மோசம். அது வண்டி வாங்கிய நாளிலிருந்து அடியில் தொங்கும். அதன் வயது யாருக்கும் தெரியாது.

வயதைக் கண்டுபிடிக்க ஜாதகம் தேவையில்லை. பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3824 என்றால் 2024-ஆம் வருஷம் 38-ஆவது வாரம் பிறந்தது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் குனிந்து பாருங்கள். கடையில் போய் "அண்ணே, தேதி பாத்துக்கலாமா?" என்று நான் கேட்டபோது கடைக்காரர் சிரித்துவிட்டு, "டயரு என்ன பால் பாக்கெட்டாப்பா?" என்றார். ஆனாலும் காட்டினார். கேட்டால் காட்டத்தான் செய்வார்கள். 'ஆஃபர்' என்று சொல்லி விலையை இறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கத்தை.

அப்படியே பக்கத்தில் 128/124 கே என்பது போல ஒன்று இருக்கும். ஒற்றைச் சக்கரமாக நின்றால் 1800 கிலோ, இரட்டையில் நின்றால் ஒவ்வொன்றும் 1600 கிலோ, வேகம் 110 கி.மீ. வரை என்று பொருள். வண்டிக்குக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறைவான டயரை, விலை மலிவு என்பதற்காக எடுக்கவே கூடாது.

காற்றழுத்தத்துக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சுவாரஸ்யமான கணக்கு. ஓடுதளத்தில் நிற்கும் நீரில் விமானச் சக்கரம் எப்போது மிதக்கும் என்று நாசாவில் ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தார்கள். பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.6-ஆல் பெருக்கினால், டயர் நீர்மேல் மிதக்கும் வேகம் கி.மீ. கணக்கில் வரும். 64 பி.எஸ்.ஐ. என்றால் 133 கி.மீ.; 36-க்கு இறங்கினால் 100 கி.மீ. பட்டன் ஆழத்தை மீறித் தண்ணீர் நிற்கும்போது பொருந்தும் கணக்கு இது. ஆக, தேய்ந்த டயர், குறைந்த காற்று, நாற்கரச் சாலை, கார்த்திகை மழை - நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். 1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது சட்டத்தின் கடைசிக் கோடு. மழையில் ஆள் ஏற்றும் வண்டிக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. முன் டயருக்காவது.

இவ்வளவும் எழுதியது பேரவைக்கு ஒரு கோரிக்கை வைப்பதற்காகத்தான். பட்டன் ஆழம் அளக்கத் தனிக் கருவி வாங்கப் பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். முதலாண்டில் நாம் எல்லோரும் பிடித்துப் பார்த்த வெர்னியர் காலிப்பரை நீட்டினால், பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பி வெளியே வருமே, ஆழம் அளப்பதற்கென்றே உள்ளதுதான் அது. அது பத்து, காற்று பார்க்கும் கேஜ் இரண்டு, ஒரு டார்ச், ஒரு நோட்டு. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் வேன் ஸ்டாண்டில் ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் மாணவர்கள் இருபது பேர் நின்றால், மதியத்துக்குள் அங்கே நிற்கிற எல்லா வண்டியையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு டயருக்கும் பிறந்த வாரம், பட்டன் ஆழம், காற்று மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டிரைவர் கையில் கொடுத்தால் போதும். அபராதம் கிடையாது, அறிவுரையும் கிடையாது. மாற்றுவதும் மாற்றாததும் அவர் விருப்பம். ஸ்டெப்னியைக் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் வண்டியாக எங்கள் சித்தப்பாவின் வேனையே கொண்டுவருகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.