தொண்டருக்குத் தெரியாத வரவு

வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வேகாத வெயிலில் வீடு வீடாகப் படியேறி பூத் சிலிப் கொடுக்கும் தொண்டரைத் தெருவே அறியும். அவருடைய கட்சிக்குக் கோடிகளைக் கொடுத்தவர் யார் என்பது அவருக்கே தெரியாது. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம், வங்கியில் பத்திரம் வாங்கிப் பெயர் வெளியிடாமல் கட்சிக்குக் கொடுக்க வழிசெய்து, இந்த மறைப்பைச் சட்டமாகவே ஆக்கியது. கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் மாற்றுக் கட்சியினர் பழிவாங்குவார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் பத்திரங்களை விற்றது அரசுடைமையான பாரத ஸ்டேட் வங்கி. புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் எண் ஒன்றும் ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்தது. ஆள்வோர் முயன்றால் அறியக்கூடிய ரகசியம், வாக்காளருக்கு மட்டும்தான் முழு ரகசியம். வாக்கு ரகசியமாக இருக்கும்போது நன்கொடை மட்டும் ஏன் கூடாது என்றும் கேட்கிறார்கள். வாக்கு ஆளுக்கு ஒன்றுதான். ஒரு கோடி ரூபாய்ப் பத்திரத்தை எத்தனை வேண்டுமானாலும் வாங்க முடிந்ததே! 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது, சரியான தீர்ப்பு. ஆனாலும் 20,000 ரூபாய்க்கு மேற்படாத நன்கொடையைக் கொடுத்தவர் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில்லை. பெருந்தொகையைத் துண்டு துண்டாகக் கணக்கில் காட்ட இதுவே போதும். இந்த வாசலையும் அடைத்தாக வேண்டும்.