தீர்ப்போடு முடிவதில்லை போக்சோ வழக்கு

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண், வளர்ந்த பிறகு கணவனிடம் அடிபட்டுப் புகார் கொடுக்கப் போனால், ‘உனக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப இப்படி நடக்குது?’ என்று கேட்கிறார்கள். கேள்வியிலேயே குற்றம் யார் மேல் என்பது முடிவாகிவிடுகிறது.

இங்கிலாந்து, வேல்ஸில் 2016 மார்ச்சுடன் முடிந்த ஆண்டுக்கான அரசின் குற்றக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. குழந்தைப் பருவத்தில் கொடுமையை அனுபவித்தவர்களில் 51 விழுக்காட்டினர் பின்னாளில் குடும்ப வன்முறைக்கும் ஆளாகியிருந்தனர். மற்றவர்களிடம் அது 13 விழுக்காடு. இத்தனை பேருக்கும் ‘ராசி சரியில்லை’ என்றா சொல்வது?

கேட்க நாதியற்றவர் யார் என்பதைக் கொடுமைக்காரன் மோப்பம் பிடித்துவிடுகிறான். அத்தகைய ஆளை அவனுக்காக உருவாக்கிக் கொடுப்பது பெரும்பாலும் குடும்பம்தான். மாமா, சித்தப்பா என்று அழைத்த ஆளிடமே பயந்து வளர்ந்த பிள்ளைக்கு, அன்பும் அச்சமும் சேர்ந்தே வரும் என்பது பழகிப்போகிறது. ஆபத்தில் கத்த வேண்டிய நேரத்தில் உடல் உறைந்துவிடுகிறது. ‘வெளியே சொன்னால் மானம் போய்விடும்’ என்று வாயை அடைக்கிறார்கள். படிப்பை நிறுத்தி அவசரமாகக் கட்டிக்கொடுக்கிறார்கள். கையில் காசும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. ஆண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்கள் பேசவே ஆரம்பிப்பதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ், 2020 விதிகள் குழந்தைக்கு உதவியாளர் ஒருவரைத் தருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் பணி விசாரணைக்கும் வழக்குக்கும் துணை நிற்பதே. தீர்ப்பு வந்ததும் கோப்பு மூடப்படுகிறது. 18 வயதுக்குப் பிந்தைய பராமரிப்பைச் சிறார் நீதிச் சட்டம் பேசுகிறது. அதுவும் காப்பகத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கு, பொதுவாக 21 வயது வரைதான். வீட்டிலேயே வளர்ந்தவர்கள் கணக்கில் இல்லை.

இந்த இடைவெளியை அரசு அடைக்க வேண்டும். வழக்கு முடிந்த பிறகும், 18 வயதைக் கடந்த பிறகும், விரும்பும்வரை ஆலோசனை தொடர மாவட்ட மனநலத் திட்டத்தில் தனி நிதி ஒதுக்கட்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் நடத்தப்பட்டுவந்த இரு விரல் சோதனையை 2022இல் மீண்டும் கண்டித்த உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணின் பழைய பாலியல் அனுபவத்தை வைத்து அவள் புகாரை எடைபோடக் கூடாது என்றது. ஆகவே பழைய கொடுமையைக் காவல் நிலையம் சந்தேகத்துக்குக் காரணமாக்கக் கூடாது. கூடுதல் பாதுகாப்புக்கான காரணமாகக் கொள்ள வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கு இதை எழுத்துபூர்வ உத்தரவாகவே அரசு அனுப்பட்டும்.